சர்வருக்கு பேனல் போதுமா, கமாண்ட் கத்துக்கணுமா?

ஜூன் 9, மாலை. கப்பலூர்த் தம்பி ஒருத்தர் கேட்டது:

"அண்ணே, நான் பி.காம். கப்பலூர்ல ஒரு கம்பெனில கணக்குப் பிரிவு. சர்வரைப் பார்த்துக்கிட்டு இருந்தவர் பெங்களூருக்குப் போயிட்டாரு. 'எக்செல்லு நல்லாத் தெரியும்ல, நீயே பாரு'ன்னு முதலாளி என் தலையில கட்டிட்டாரு. டெபியன் லினக்ஸ் போட்ட ஒரே ஒரு பெட்டி. பில்லிங், பேக்கப், ஆபீஸ் ஃபைல் எல்லாம் அதுலதான். போனவரு, 'மவுஸ் புடிக்கிறவன் அட்மினே கிடையாது, கமாண்ட் தட்டுற டெர்மினல் கத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நெட்ல பார்த்தா வெப்மின், காக்பிட்னு என்னென்னமோ இருக்கு. எனக்கு எதுண்ணே சரி?"

ஜூன் 9, இரவு

போனவர் சொன்னதுல பாதி பெருமை. மீதிப் பாதி சரி. எந்தப் பாதின்னு பைய வர்றேன்.

முதல்ல வெப்மினையும் காக்பிட்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க தம்பி. ரெண்டும் பேனல்தான், பிரவுசர்ல திறந்து மவுஸாலேயே சர்வரைப் பார்த்துக்கிற பக்கம். ஆனா வேலை செய்ற விதம் வேற. வெப்மின் 1997லேர்ந்து இருக்கு. ஜேமி கேமரூன் பெர்ல்ங்கிற மொழியில எழுதினது, 10000ஆம் போர்ட்ல (சர்வருக்குள்ள நுழையிற கதவு நம்பர்) உட்காரும். சர்வரோட கன்ஃபிக் ஃபைலை (அமைப்பை எல்லாம் எழுதி வச்சிருக்கிற ஃபைல்) அதுவே திறந்து, படிச்சு, திருத்தி எழுதும். காக்பிட் 9090. தனக்குன்னு பெருசா எதையும் சேர்த்து வைக்காது. சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டி மாதிரி ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிறதுங்ககிட்ட கேட்டு நமக்குக் காட்டும், நாம சொன்னதை அங்க சேர்க்கும். டெர்மினல்ல ஒரு சர்வீஸை நிறுத்தினா உடனே அந்தப் பக்கத்துல தெரியும். பக்கத்துல நிறுத்தினா ஜர்னல்ல, அதாவது சிஸ்டத்தோட பதிவுக் குறிப்புல, தெரியும். யாரும் திறக்காத நேரத்துல மெமரியையும் தின்னாது.

மூணாவது வகை, ஹோஸ்டிங் விக்கிறவங்க வச்சிருக்கிற சிபேனல் மாதிரி. அது தன் டெம்ப்ளேட்லேர்ந்து அப்பாச்சிங்கிற வெப்சர்வரோட கன்ஃபிக்கை மறுபடி மறுபடி உருவாக்கும். அதுக்குன்னு விட்டிருக்கிற இன்க்ளூட் ஃபைலை விட்டுட்டு மெயின் ஃபைல்ல கை வச்சீங்கன்னா, அடுத்த தடவை அது எழுதும்போது உங்க திருத்தம் காணாமப் போகும். ஒரே அடுப்படியில ரெண்டு பேர் உப்புப் போட்ட கதை.

அதனால எந்தக் கருவியைத் தொடுறதுக்கு முன்னாடியும் நான் கேக்குறது இதுதான்: இந்த ஃபைலை எழுதுற கை யாரோடது? அது தெரிஞ்சா மவுஸ், கீபோர்டு சண்டையில முக்காவாசி முடிஞ்சிரும்.

ஜூன் 10

"மவுஸ் புடிக்கிறவன் அட்மினே கிடையாது"ன்னு நிறைய பேர் கைதட்டியிருக்கீங்க. சரி. மவுஸை வச்சே பொழச்ச மைக்ரோசாஃப்ட் 2006ல பவர்ஷெல்னு கமாண்ட் தட்டுற ஒண்ணை விட்டுச்சு. 2008 சர்வர்ல டெஸ்க்டாப்பே இல்லாத 'சர்வர் கோர்' குடுத்துச்சு. லாகின் பண்ணினா ஒரு கறுப்பு ஜன்னல், அவ்வளவுதான். அப்புறம் 2018ல அதே கம்பெனி அட்மின் சென்டர்னு பிரவுசர்ல திறக்கிற பக்கத்தையும் விட்டுச்சு. அவய்ங்களே ரெண்டு பக்கமும் போயிட்டு வர்றாய்ங்க. நாம எதுக்குச் சட்டையைப் பிடிச்சுக்கணும்?

ஜூன் 11, காலை

இப்ப அந்தச் சரியான பாதி.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடை. சர்வர் கல்லாவுக்குப் பின்னாடி ஒரு மர அலமாரியில இருக்கு. சித்திரைத் திருவிழா நேரம், மாசி வீதிப் பக்கம் வண்டியே விடலை. கடையில இன்டர்நெட்டும் போயிருச்சு, அதனால வீட்டுலேர்ந்தும் உள்ள நுழைய முடியாது. அந்த நேரம் பார்த்து பில் போடலை. கல்லாவுல இருந்த அக்காவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு போன் மட்டும்தான்.

முதல்ல பேனலைத் திறக்கச் சொன்னேன். லாகின் பண்ணினா அதே லாகின் பக்கம் திரும்ப வருது. டிஸ்க் நிறைஞ்சிருந்தா சில பேனல் அப்படித்தான், செஷன் ஃபைலை எழுத இடம் இல்லாம முழிக்கும். கன்சோலுக்கு (சர்வர்லயே மாட்டின மானிட்டர், கீபோர்டு) வரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தா சொல்ல ஆரம்பிச்சேன்.

"டி, எஃப், ஸ்பேஸ், மைனஸ், ஹெச். என்டர் தட்டுங்கக்கா."
"நூறுன்னு காட்டுது தம்பி."
"இப்ப எல், எஸ், ஓ, எஃப், ஸ்பேஸ், பிளஸ், எல், ஒண்ணு."
"எல்லு சின்னதா பெருசா?"
"முதல்ல வர்றது சின்னது. பிளஸ்ஸுக்கு அப்புறம் பெருசு. அதுக்கப்புறம் நம்பர் ஒண்ணு."

அது எதுக்குன்னா, டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு காட்டுற டிஎஃப் நூறு சதவீதம்னு சொல்லும், ஆனா ஃபோல்டரை எல்லாம் அளவு சொல்ற டியு வச்சுக் கூட்டினா அவ்வளவு வராது. யாரோ பெரிய லாக் ஃபைலை அழிச்சிருப்பாங்க. அதைத் திறந்து வச்சிருந்த புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். பேர் போயிருச்சு, இடம் போகலை. அந்த மாதிரி பேரில்லாத ஃபைலை மட்டும் பட்டியல் போடுறது மேல சொன்ன கமாண்ட். அக்கா வாசிச்சாங்க, எந்த புரோகிராம்னு தெரிஞ்சது, ரீஸ்டார்ட் பண்ணினோம், இடம் திரும்பி வந்துருச்சு.

இதையே படத்தை வச்சுச் சொல்லிப் பாருங்க. "இடது பக்கம் பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கா?" "இல்லையே." "மேல மூணு கோடு?" "அது வேற எங்கிட்டோ போகுது தம்பி." பேனல்ல ஒரு வெர்ஷன் மாறினா பட்டன் இடம் மாறிரும். டிஎஃப் பல வருஷமா அதே டிஎஃப்தான். கமாண்டை வாயால சொல்லலாம், வாட்ஸ்அப்ல அனுப்பலாம், நோட்டுல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டலாம். கிளிக்கை எங்க ஒட்டுறது?

(இங்க எல்லாக் கமாண்டையும் சொல்ற மாதிரியேதான் எழுதுறேன். காப்பி பண்ணி ஒட்டுறவங்க கிட்ட வராதீங்க.)

ஜூன் 12

மேலூர்லேர்ந்து ஒரு சார் எழுதியிருக்கார்: "போன்ல கமாண்ட் சொல்றது பெருமையா? ஒரு ஃபோல்டரை அழிக்க ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் ஸ்லாஷ் எஸ்ஆர்வி ஸ்லாஷ் ஓல்டுன்னு சொல்றீங்க. ஓல்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்லாஷுக்கு முன்னால அந்த அம்மா ஒரு ஸ்பேஸ் தட்டிட்டா? எஸ்ஆர்வி மொத்தமும் போச்சு."

சார், அதனாலதான் போன்ல பார்க்கிற கமாண்ட் மட்டும் சொல்லுவேன், அழிக்கிறதைச் சொல்ல மாட்டேன். ஆர்எம்ல ரூட்டை (எல்லா ஃபோல்டருக்கும் மேல இருக்கிறது) அழிக்க விடாத பாதுகாப்பு இருக்கு, ஆனா அது வெறும் ஸ்லாஷுக்கு மட்டும்தான். எஸ்ஆர்வி போனா அது வேடிக்கை பார்க்கும்.

இதுல பெரிய இடம் சின்ன இடம் எல்லாம் கிடையாது. 2017 ஜனவரி 31, புரோகிராம் எழுதுறவங்க கோடை வச்சுக்கிற கிட்லேப். ரெப்ளிகா (நகல்) சர்வர்ல டேட்டா ஃபோல்டரைக் காலி பண்ண நினைச்சவர் அசல் டேட்டா இருக்கிற பிரைமரியில அழிச்சிட்டார். ரெண்டுக்கும் பேர்ல வித்தியாசம் ஒரே ஒரு நம்பர். நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம். அடுத்த மாசமே, பிப்ரவரி 28, அமேசானோட ஃபைல் சேமிப்பு சேவை எஸ்3. கொஞ்சம் சர்வரை எடுக்கப் போட்ட கமாண்ட்ல ஒரு உள்ளீடு தப்பு, நினைச்சதுக்கு மேல நிறைய சர்வர் கழண்டுருச்சு. மணிக்கணக்குல பாதி இணையம் படுத்துக்கிச்சு.

ஆனா அந்த ரெண்டு கதையிலயும் எனக்குப் பிடிச்ச இடம் வேற. அமேசானோட ஸ்டேட்டஸ் பக்கம், பச்சை சிவப்பு விளக்கு காட்டுற பக்கம், அதுவே எஸ்3ஐ நம்பி இருந்துச்சு. அதனால கொஞ்ச நேரம் அதை மாத்த முடியலை, எல்லாம் படுத்திருக்கையில பச்சையாவே இருந்துச்சு. கிட்லேப்ல, தினமும் ஓட வேண்டிய டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) வெர்ஷன் பொருந்தாம தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துருச்சுன்னு சொல்ல வேண்டிய மெயிலும் போய்ச் சேரலை. கடைசியில யதேச்சையா எடுத்து வச்ச ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. பேக்கப் ஓடுதான்னு யாராவது கண்ணால பார்த்திருந்தா... இந்த இடத்துல மேலூர் சாரோட கட்சிக்கு, அதாவது பேனல் பக்கம், கொஞ்சம் நகர்றேன்.

ஜூன் 12, பின்னிரவு

மேலூர் சாருக்கு ஒண்ணு விட்டுப் போச்சு. டெபியன்ல மோலி-கார்டுன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து சர்வரோட டெர்மினலுக்குள்ள நுழைய விடுறது) வழியா வந்து ரீபூட் தட்டினா, "எந்த மெஷின்? பேரை டைப் பண்ணு"ன்னு கேக்கும். பேர் தப்பா இருந்தா ரீபூட் ஆகாது. பேனல்ல 'நிச்சயமா?'ன்னு கேட்டா நம்ம விரல் படிக்காமலே ஓகே அடிச்சிரும். பேரை எழுதச் சொன்னா படிச்சுத்தான் ஆகணும்.

ஜூன் 15

பாதுகாப்புன்னு பேச்சு எழும்பியிருக்கு. "பேனல் போட்டா ஓட்டை, எஸ்எஸ்ஹெச் மட்டும் வச்சுக்கிட்டா கோட்டை"ன்னு ஒருத்தர்.

பாதி உண்மை. 2019ல வெப்மின்ல பின்வாசல் கண்டுபிடிச்சாங்க. கிட்ஹப்ல இருந்த சோர்ஸ் சுத்தமா இருந்துச்சு. பேக்கேஜ் கட்டுற மெஷின்லயே யாரோ கோடைச் செருகியிருந்தாங்க. 1.890 வெர்ஷன் போட்ட உடனேயே பாதிப்பு, அதுக்கப்புறம் 1.920 வரைக்கும் காலாவதி பாஸ்வேர்டை மாத்துற ஆப்ஷனை ஆன் பண்ணியிருந்தா பாதிப்பு. 1.930ல சரியாச்சு.

கோட்டைக்காரங்களுக்கு 2024 மார்ச் 29 ஞாபகம் இருக்கட்டும். எக்ஸ்இசட் கம்ப்ரஷன் லைப்ரரி 5.6.0, 5.6.1. அது வழியா எஸ்எஸ்ஹெச்சுக்கே பின்வாசல். கண்டுபிடிச்ச ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர். லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு குடைஞ்சு பார்த்தவர். நம்ம ஊர்ல அரை நொடி தாமதம்னா நெட்டைத் திட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

கப்பலூர்த் தம்பிக்கு: 9090, 10000 எதையும் வெளியுலகத்துக்குத் திறக்காதீங்க. எஸ்எஸ்ஹெச் மட்டும், அதுவும் பாஸ்வேர்டுக்குப் பதிலா கீ (சாவி மாதிரி ஒரு ஃபைல்) வச்சு. பேனல் வேணும்னா எஸ்எஸ்ஹெச்சுக்கு உள்ளேயே வாங்க. எஸ்எஸ்ஹெச் கமாண்டோட இதைச் சேருங்க: மைனஸ் பெரிய எல், 9090, கோலன், லோக்கல்ஹோஸ்ட், கோலன், 9090. உங்க லேப்டாப் பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 9090 திறந்தா சர்வரோட காக்பிட் வரும். இதைத்தான் டன்னல்ம்பாங்க. ரெண்டு கட்சியும் ஒரே குழாயில வருது பாருங்க.

ஜூன் 16

தலைப்பை விட்டு விலகுறேன், ஆனா ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி. அவங்க அச்சகத்துல எல்லா ஃபைலுக்கும் தமிழ்ப் பேர். கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப் எல்லாம் மணமகன், மணமகள், மண்டபம், தேதின்னு நீளமா. சில ஃபைல் சர்வர்ல ஏறவே மாட்டேங்குதாம்.

லினக்ஸ் டிஸ்க்குல ஃபைலை அடுக்குற எக்ஸ்ட்4 முறையில ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட் எல்லை. எழுத்தை நம்பரா மாத்தி வைக்கிற யுடிஎஃப்-8ல தமிழோட ஒவ்வொரு குறியும் 3 பைட். 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டுக் குறி, அதாவது 24 பைட். ஆகமொத்தம் 85 குறியோட கதை முடிஞ்சது. மணமக்கள் பேரோட அப்பா பேரும் சேர்ந்தா மண்டபம் வர்றதுக்குள்ள எல்லை வந்துரும்.

இந்த இடத்துல கமாண்ட் லைன் தோத்துப் போகுதுன்னு வெட்கமில்லாம ஒத்துக்கணும். டெர்மினல்ல கட்டம் கட்டமா எழுத்தை வைக்கிற கணக்கு தமிழுக்குப் பொருந்தலை. கொம்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கர்சர் நிக்கிற இடம் ஒண்ணு, அழியிற இடம் வேற. டேப் தட்டி நிரப்பலாம். அதுவும் முடியலைன்னா எல்எஸ் மைனஸ் ஐ போட்டு ஐநோடு நம்பரை (ஃபைலுக்கு டிஸ்க் குடுத்திருக்கிற எண்) எடுத்து, ஃபைண்ட்ல மைனஸ் ஐநம் குடுத்துப் பிடிக்கலாம். ஆனா தினசரி இதைச் செய்யச் சொன்னா ஆள் ஓடிருவாங்க. விண்டோஸ்லேர்ந்து சர்வருக்கு ஃபைல் அனுப்புற வின்எஸ்சிபி போட்டுக் குடுங்க. பேர் முழுசாத் தெரியும், மவுஸால இழுத்துப் போட்டுட்டு அச்சு வேலையைப் பார்க்கட்டும்.

ஜூன் 17

திருப்பரங்குன்றம் பக்கத்துக் காலேஜ் லேப்காரர்: "ஒரு லேப் முழுக்க மெஷின், ஒவ்வொண்ணுலயும் காக்பிட்டைத் திறந்து கிளிக் பண்ணவா?" வேண்டாம். ஒரே இடத்துலேர்ந்து எல்லா மெஷினையும் மாத்துற அன்சிபிள் பாருங்க, 2012லேர்ந்து இருக்கு, எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் இருந்தாப் போதும். ஒரு பெட்டி வச்சிருக்கிற தம்பிக்கு இது தேவையில்லை.

ஜூன் 20

உசிலம்பட்டிக்காரர் பஸ்ல போகும்போதே போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப் வச்சு சர்வர் பார்ப்பாராம். தேனிப் பக்கம் போறப்ப ஆண்டிபட்டி கணவாய்ல சிக்னல் போய் எஸ்எஸ்ஹெச் அறுந்துருது, அப்டேட் பாதியில நிக்குதுன்னு புலம்பல்.

முதல்ல டிமக்ஸ். உள்ள போனதும் டிமக்ஸ்னு தட்டிட்டு அப்புறம் எதையும் ஆரம்பிங்க. லைன் அறுந்தாலும் அது சர்வர்ல ஓடிக்கிட்டே இருக்கும், திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச்னா விட்ட இடத்துலேர்ந்து பார்க்கலாம். அடுத்தது மோஷ், எஸ்எஸ்ஹெச் இடத்துல வச்சுக்கிறது. எம்ஐடியில செஞ்சது, 2012ல வந்துச்சு. யுடிபிங்கிற, இணைப்பைப் பிடிச்சு வைக்காத முறையில ஓடுறதால சிக்னல் போய் வந்தாலும், போன் வைஃபையிலேர்ந்து டேட்டாவுக்கு மாறினாலும் தானா ஒட்டிக்கும். ஃபயர்வால்ல 60000லேர்ந்து 61000 வரைக்கும் யுடிபி திறக்கணும், அதுதான் தொல்லை.

ஆனா யோசிச்சுப் பார்த்தா, காக்பிட்ல அப்டேட் பட்டனை அமுக்கினா இந்தப் பாடே இல்லை. பேக்கேஜ்கிட்ங்கிற பின்னணி சர்வீஸ் அதை ஓட்டும். பிரவுசரை மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும். போன்ல, பஸ்ல, நின்னுக்கிட்டே போறப்ப எது சுலபம்? பட்டன்தான். இதை ஜூன் 11 குறிப்புக்குப் பக்கத்துல வச்சுப் படிங்க. சொல்லிக் குடுக்கிறதுக்குக் கமாண்ட் நல்லது, நெருக்கடியில தன் கையால செய்ய பட்டன் நல்லதா இருக்கலாம்.

ஜூன் 20, இரவு

உசிலம்பட்டிக்காரரே, பஸ்ல நின்னுக்கிட்டு சர்வர் அப்டேட் எதுக்குய்யா பண்றீங்க? வீட்டுக்குப் போய்ப் பண்ணுங்க.

ஜூன் 22

ஃபயர்வாலை மாத்தித் தன்னைத்தானே வெளிய பூட்டிக்கிட்ட கதையா வந்து விழுது. எல்லாத்துக்கும் ஒரே மருந்து: மாத்துறதுக்கு முன்னாடி சோதிக்கிற கமாண்ட், தானா பழசுக்குத் திரும்புற வழி.

உபுண்டுல நெட்பிளான் ட்ரை. புது நெட்வொர்க் செட்டிங்கைப் போட்டுட்டு 120 நொடி காத்திருக்கும். என்டர் தட்டலைன்னா பழசுக்குப் போயிரும். வெளிய பூட்டப்பட்டவன் என்டர் தட்ட முடியாதுல்ல, அதுதான் சூட்சுமம். ஃபயர்வால் ஐபிடேபிள்ஸுக்கு ஐபிடேபிள்ஸ்-அப்ளை அதே மாதிரி. வெப்சர்வர் என்ஜின்எக்ஸுக்கு மைனஸ் டி (டெஸ்ட்டோட முதல் எழுத்து, சின்னது), எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் அதே மைனஸ் டி, யாருக்கு அட்மின் அதிகாரம்னு எழுதின சுடோ ஃபைலுக்கு விசுடோ. இதெல்லாம் எழுத்துப்பிழை இருந்தா முன்கூட்டியே சொல்லிரும்.

காக்பிட்டும் இந்த விஷயத்துல மரியாதையான ஆள். நெட்வொர்க் பக்கத்துல ஒண்ணை மாத்தி இணைப்பு அறுந்தா தானே பழசுக்குத் திருப்பிரும். ஆனா அது நெட்வொர்க்மேனேஜர் இருந்தாத்தான். டெபியன் சர்வர்ல பெரும்பாலும் அது இருக்காது. தம்பி, உங்க பெட்டியில அதை நம்பி இறங்காதீங்க.

ஜூன் 28

நாலு நாளா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். பார்க்கிறதுக்குப் படம், மாத்துறதுக்கு எழுத்து.

டிஸ்க் எவ்வளவு, மெமரி எவ்வளவு, எந்த சர்வீஸ் சிவப்பா நிக்குது, இதெல்லாம் படமா இருந்தா தம்பி மட்டுமில்லாம முதலாளியும் பார்ப்பார். நாலு கண்ணு பார்க்கிற சர்வர் நல்லா இருக்கும். மாத்துறது எழுத்தா இருந்தா நாளைக்குத் தம்பியும் வேற வேலைக்குப் போயிட்டா, அடுத்து வர்றவருக்குத் தடம் இருக்கும். பெங்களூர் போனவர் பேனல்ல கிளிக் பண்ணியே எல்லாம் செஞ்சிருந்தா இன்னைக்கு நீங்க எதைப் படிப்பீங்க?

அதுக்காக பேஷ் ஹிஸ்டரியை (டெர்மினல்ல தட்டின கமாண்டோட பட்டியல்) நம்பாதீங்க. நீங்களா சொல்லி வைக்காத வரைக்கும் அது நேரத்தைக்கூடக் குறிக்காது. எட்கீப்பர் போடுங்க. கன்ஃபிக் எல்லாம் இருக்கிற ஈடிசி ஃபோல்டர் முழுசையும் கிட்ல (மாறினதை எல்லாம் தேதியோட பதியிற கருவி) வச்சுக்கும். பேக்கேஜ் போடும்போதும் எடுக்கும்போதும் தானே பதிஞ்சுக்கும், தினமும் ஒரு தடவையும் பதியும். இதுல ஒரு சந்தோஷம், காக்பிட்டோ வெப்மினோ உள்ள புகுந்து மாத்தினாலும் எந்த வரி மாறுச்சுன்னு தெரிஞ்சிரும். முதல் நாள் கேட்டேனே, ஃபைலை எழுதுற கை யாரோடதுன்னு. அந்தக் கேள்விக்கு தேதியோட பதில் கிடைக்கும்.

ஜூன் 28, கொஞ்சம் கழிச்சு

மேலூர் சார் உடனே பிடிச்சிட்டார்: "மாத்துறதுக்கு எழுத்துன்னா ஜூன் 20ல அப்டேட்டுக்குப் பட்டன் நல்லதுன்னு சொன்னது?" அப்டேட்ல நாம முடிவு பண்றது ஒண்ணும் இல்லையே சார். எந்த வெர்ஷன்னு டெபியன்காரங்க முடிவு பண்ணிட்டாங்க, பேக்கேஜ் போடுற ஏபிடியோட லாக்ல தேதியோட பதிவாகும். முடிவு நம்மளோடதா இருக்கிற இடத்துலதான் எழுத்து வேணும்ங்கிறேன். அவர் இதுக்கும் ஏதாவது சொல்வார்.

ஜூலை 2

கப்பலூர்த் தம்பி திரும்ப வந்திருக்கார். காக்பிட் போட்டு, டன்னல் வழியா திறந்து பார்த்திருக்கார். முதல் பக்கத்துலயே ஒரு விஷயம் உறுத்தியிருக்கு: "அண்ணே, சிஸ்டம் டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. காலையில லாரிக்கு லோடு ஏத்தி பில் போடுற நேரம், ஏழரை மணிக்கு, தினமும் பில்லிங் மெதுவாப் போகும். பேக்கப் ராத்திரி ரெண்டு மணிக்குத்தானே போட்டு வச்சிருக்குன்னு அதைச் சந்தேகப்படவே இல்லை."

சரியாப் பிடிச்சிருக்கீங்க. சர்வர் யுடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல, இருக்கு. அங்க ரெண்டு மணின்னா நமக்கு ஏழரை. பேக்கப்பும் பில்லிங்கும் ஒரே டிஸ்க்கை அந்த நேரத்துல பிடிச்சு இழுக்குது. காக்பிட்ல அந்த நேரத்தைத் தொட்டே மாத்தலாம், ஆனா எழுதி வச்சு மாத்துங்க: டைம்டேட்சிடிஎல், ஸ்பேஸ், செட் ஹைபன் டைம்ஸோன், ஸ்பேஸ், ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தா. ஏசியாவோட ஏ-யும் கொல்கத்தாவோட கே-யும் பெரிய எழுத்து. அதுக்கப்புறம் குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற கிரானை ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லைன்னா அது பழைய நேரத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி பில்லிங் சாஃப்ட்வேர்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பில்லுல விழுற நேரத்துக்கு அவங்க தனியா அஞ்சரை மணி கூட்டிக்கிட்டு இருந்தாங்கன்னா, நாளைக்கு எல்லா பில்லும் அஞ்சரை மணி நேரம் கூடுதலாக் காட்டிக்கிட்டு நிக்கும்.